அடுத்த கிழமைப் பிள்ளை

செத்தவீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் பரமநாதன் மாஸ்டரின் நல்ல குணங்களைப் பற்றியே பேசினார்கள். இருபது வருடம் பள்ளிக்கூட உதைபந்தாட்ட அணியைப் பழக்கியும் வலயப் போட்டியில் ஒருமுறைகூட வென்றதில்லை என்பதை யாரும் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் இவரே எழும்பியிருந்து விளக்கம் கொடுத்திருப்பார். மனைவி என்ற முறையில் அந்த விளக்கத்தை எத்தனையோ இரவு புட்டோடு சேர்த்துக் கேட்டிருக்கிறேன்.

விளக்கம் இதுதான். நானாட்டான் பக்கத்தில் வயலுக்கும் குளத்துக்கும் நடுவே இருக்கிற எங்கள் பள்ளிக்கூடத்தில், முதலாம் தரம் தொடக்கம் பதினோராம் தரம் வரை எண்ணினாலும் இருநூறு பிள்ளைகள் தேறாது. அதில் பாதிப் பேர் பெண் பிள்ளைகள். மிச்சத்தில் பாதி, பால்பல் விழாததுகள். பட்டணத்துப் பெரிய கல்லூரி ஆயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளில் பதினொரு பேரைத் தெரிவு செய்யும். இவர் பதினொரு பேரைத் தேடிப் பிடிப்பார். அறுவடைக் காலத்தில் அதுவும் முடியாது. கோல் காக்கிற கபிலன் தகப்பனின் உழவு இயந்திரத்தில் இருப்பான். ஒருமுறை ஒன்பது கோல் வாங்கினோம். பத்தாவதை நடுவர் ஓஃப்சைட் என்றுவிட்டார். அது ஓஃப்சைட் இல்லை, நடுவருக்கு எங்கள்மேல் வந்த இரக்கம் என்று இவரே சொல்வார்.

ஒவ்வொரு வருடமும் விளையாட்டுப் பொறுப்பாசிரியர் கூட்டத்தில் எழும்பி இதைப் பேசினார். "பிள்ளையின்ர வயசைப் பாத்துப் பிரிக்கிறியள். பள்ளிக்கூடத்தின்ர பருமனையும் ஒருக்காப் பாருங்கோவன்" என்பார். இவர் எழும்பினால் தேத்தண்ணிக்கு நேரமாகிவிட்டது என்று அர்த்தம் என மற்ற ஆசிரியர்கள் பகிடி பண்ணுவார்களாம். மூன்று வருடத்துக்கு முதல் யாருக்கு என்ன தோன்றியதோ, சரி என்றுவிட்டார்கள். இனி மாணவர் தொகையைப் பார்த்துப் பெரிய பிரிவு, சின்னப் பிரிவு. எல்லையை எங்கே போடலாம் என்று கேட்டபோது முந்திக்கொண்டு பதில் சொன்னவரும் இவர்தான். இருநூறு வரை சின்னப் பிரிவு, அதற்கு மேல் ஒரு தலை கூடினாலும் பெரிய பிரிவு. அன்றைக்கு எங்கள் தொகை நூற்றுத் தொண்ணூற்றெட்டு.

அன்றிரவு இரண்டாந்தரமும் சோறு போட்டுச் சாப்பிட்டார். சின்னப் பிரிவில் வரப்போகிற பள்ளிக்கூடங்களை எங்கள் பிள்ளைகள் பயிற்சி ஆட்டங்களில் வென்றிருக்கிறார்கள். கோப்பை ஏறக்குறைய வீட்டுக்கு வந்துவிட்டது. ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம்தான் இருந்தது.

ஒரே ஒரு சிக்கல். பள்ளிக்கு வராத பிள்ளைகளைத் தேடிக் கொண்டுவந்து சேர்க்கும் பொறுப்பும் இவருடையதுதான். பத்து வருடமாக மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகப் போய்த் தொகையை உயர்த்தியவர், இப்போது தொகை எடுக்கும் யூன் முதலாம் திகதி வரைக்கும் ஒரு வீட்டுப் படலையையும் தட்டவில்லை. விளையாட்டுக் கழகத் தலைவர் சீவரத்தினம் அண்ணை சந்தியில் வைத்துக் கேட்டிருக்கிறார்: "என்ன மாஸ்டர், பிள்ளை பிடிக்கிறதை விட்டாச்சோ? ஊருக்குள்ள தாய்மார் இப்பதான் நிம்மதியா நித்திரை கொள்ளுகினம்."

ஒரு குடும்பம் வெள்ளாங்குளத்துக்கு வீடு மாறிப் போனபோது வகுப்பாசிரியை கண் கலங்கி நின்றார். இவர் அந்தப் பெடியனுக்கு ஒரு பை மாம்பழம் கொடுத்து, அந்தப் பக்கம் நல்ல காற்று என்று சொல்லி வழியனுப்பினார். அடுத்த கிழமையே அரிப்புக் கிராமத்திலிருந்து ஒரு பிள்ளை வந்து சேர்ந்துவிட்டது. தொகை பழையபடி. இரவில் வயிறு சரியில்லை என்று பிளேன்ரீ மட்டும் குடித்தார்.

மே கடைசிக் கிழமையில் சிவலட்சுமி வந்தாள். சின்ன வயதில் தாய் தகப்பனோடு வள்ளத்தில் இராமேஸ்வரத்துக்குப் போனவள். அங்கே அகதி முகாமில் வளர்ந்து, கலியாணம் முடித்து, புருசனையும் அங்கேயே பறிகொடுத்து, மூன்று பிள்ளைகளோடு தகப்பனின் காணிக்குத் திரும்பி வந்திருந்தாள். அதிபர் அவளை இவரிடம் அனுப்பிவைத்தார்.

இரண்டு என்றால் இருநூறு. மூன்று என்றால் இருநூற்றொன்று. அன்றிரவு என்னிடம் வந்து, "இஞ்சரும், மூத்த ரெண்டையும் நாளைக்கே சேப்பம். கடைக்குட்டி அபிசா ஒண்டாம் தரம்தானே. ஒரு கிழமை கழிச்சு வந்தா என்ன, குடியே முழுகிப் போகும்?" என்றார். நான் வேறு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவள். கணக்குச் சரி என்று மட்டும் சொன்னேன்.

இவர் போய்ச் சொன்னதற்குத் தாய் தலையாட்டிவிட்டாள். தலையாட்டாதது அபிசாதான். மறுநாள் காலையில் தமையன்மாரோடு தானும் தலை வாரி இழுத்து, பை கொழுவி வந்தாள். அவர்கள் உள்ளே போக, இவள் படலைக்கு வெளியே வேப்பமரத்தடியில் சப்பணம் கட்டி இருந்தாள். பிரார்த்தனைக்கு மணி அடித்ததும் அங்கேயே எழும்பி நின்று கைகூப்பினாள். இடைவேளை மணிக்குச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தாள். கடைசி மணிக்குப் பையைக் கொழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். இரண்டாம் நாளும் அப்படியே. அன்று ஒன்றாம் தரத்து ரீச்சர் வாய்ப்பாட்டுப் பாட்டுப் படிப்பித்தபோது வெளியிலிருந்தும் ஒரு குரல் சேர்ந்து கேட்டதாம்.

மூன்றாம் நாள் அதிபர் கண்டுவிட்டார். "ஆர் மாஸ்டர் அது, மரத்தடியில?"

இவர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "அது அடுத்த கிழமைப் பிள்ளை, சேர்."

ஆசிரியர் அறை முழுக்கச் சிரித்தது. அதற்குப் பிறகு ஊரில் அவளுக்கு அதுதான் பெயர். இவரும் சிரித்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தார். ஆனால் பின்னேரம் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு சிவலட்சுமியின் கொட்டிலுக்குப் போனார். கோபிக்க வேண்டாம், இன்னும் நாலு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் போனார்.

"அதுக்கென்ன சேர், பொறுப்பம்" என்றாளாம் அவள். "முகாமில முப்பது வருசமா அடுத்த கிழமை, அடுத்த கிழமை எண்டுதானே சொன்னவை. எங்களுக்குப் பழக்கம்."

குத்தலாகச் சொல்லவில்லை, ஆறுதலாகத்தான் சொன்னாள் என்றார் இவர். குத்தலாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பாராம். அன்றிரவு இடியப்பத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். சொதியை நகர்த்தி வைத்தேன். ஊற்றவில்லை.

விடிந்ததும் போய் அபிசாவை மோட்டார் சைக்கிளின் முன்னால் இருத்திக் கொண்டுவந்து, படலைக்குள்ளால் கூட்டிப்போய், ஒன்றாம் தரத்து வாங்கில் இருத்தினார். அவள் நிமிர்ந்து பார்த்து, "சார், இன்னும் அடுத்த வாரம் வரலியே?" என்று கேட்டாள். அது எங்கட ஊருக்கு முந்தியே வந்திட்டுது என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, கபிலனையும் மற்றவர்களையும் கூப்பிட்டு, பெரிய பிரிவில் ஆடப்போகிறோம் என்றார். ஏன் சேர் என்று கபிலன் கேட்டான். வளர்ந்திட்டம் என்றார் இவர்.

பெரிய பிரிவில் ஐந்து பள்ளிக்கூடங்கள். ஐந்தை வைத்து அரையிறுதி நடத்த முடியாது. குலுக்கிப் போட்டதில் இரண்டு பள்ளிக்கூடங்கள் முதலில் மோத, எங்கள் பிள்ளைகள் பந்தைத் தொடாமலே அரையிறுதிக்கு வந்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் வெடி கொளுத்தாத குறை. அரையிறுதியில் பட்டணத்துப் பெரிய கல்லூரி எட்டுக் கோல் போட்டது. அடுத்தது மூன்றாம் இடத்துக்கான ஆட்டம். எதிரணியில் சின்னமுத்துப் பரவி, பாதிப் பேர் வேப்பிலையோடு வீட்டில் படுத்துவிட்டார்கள். ஆட்டமில்லை. மூன்றாம் இடம், கோப்பையோடு, எங்களுக்கு. ஒரு கோலும் போடாமல் கோப்பை எடுத்த பள்ளிக்கூடம் வேறு எங்கும் இருக்காது என்று சீவரத்தினம் அண்ணை சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சின்னப் பிரிவில் வென்றது, நாங்கள் பயிற்சி ஆட்டத்தில் இரண்டு முறை மடக்கிய பள்ளிக்கூடம். அதைப்பற்றி இவர் எங்களோடு கதைக்கவேயில்லை.

காலைக் கூட்டத்தில் கோப்பையை வாங்கக் கபிலன் கூச்சப்பட்டான். இவர் அபிசாவைக் கூப்பிட்டு அவள் கையில் கொடுத்தார். "இவ வராட்டி நாங்கள் இந்தப் பிரிவுக்கே வந்திருக்க மாட்டம். அதாலை இது இவவின்ரயும்தான்" என்றார். கோப்பை அவளின் நெஞ்சளவுக்கு இருந்தது. அதிபரின் அலுமாரியில் அது அடங்கவில்லை. அதனால் எங்கள் வீட்டு வானொலிப் பெட்டிக்கு மேல் வந்து இருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு முறையும் பெரிய பிரிவில்தான் ஆடித் தோற்றார்கள். ஒருமுறை மட்டும் ஒரு கோல் போட்டார்கள். அன்று இவர் இரவு முழுக்க அந்தக் கோலை எனக்குத் தலையணையை வைத்து விளக்கினார். ஓய்வு பெற்ற அடுத்த பங்குனியில், ஒரு கிழமைக் காய்ச்சலில் போய்விட்டார்.

முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்குச் சிவலட்சுமி பிள்ளைகளோடு வந்திருந்தாள். அபிசா இப்போது நாலாம் தரம். பேச்சும் எங்கள் பக்கத்துப் பேச்சாகிவிட்டது. எல்லோரும் போனபிறகு அவள் மட்டும் வானொலிப் பெட்டிக்கு முன்னால் நின்றாள்.

"ரீச்சர், கப்பை ஒருக்கா வீட்ட கொண்டு போகட்டே? சேர் சொன்னவர், என்ரயும்தான் எண்டு."

தூசி தட்டிக் கொடுத்தேன். இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு படலை வரைக்கும் போனவள் திரும்பி நின்று, "அடுத்த கிழமை கொண்டு வந்து தாறன், ரீச்சர்" என்றாள்.

இரண்டு மாதமாகிறது. நான் கேட்கவில்லை.