ஒல்லாந்தருக்குக் கொடுத்த தேத்தண்ணி

இந்த ஊரில் வாக்குக் கேட்டு வருபவரின் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்கிறார்கள். செயின்ட்-மிஷேலில் எங்கள் எதிர்வீட்டு ஜினெட், கதவைக்கூட முழுதாகத் திறக்காமல், உனக்குப் போடமாட்டேன் என்றாள். வந்தவர் பிரெஞ்சில் மெர்சி என்று நன்றி சொல்லிவிட்டுச் சிரித்த முகத்தோடு அடுத்த கதவைத் தட்டப் போனார். எனக்குத் திக்கென்றது. மட்டக்களப்பில் வாக்குக் கேட்டு யார் வந்தாலும் இருக்கவைத்து, தேத்தண்ணி கொடுத்து, எல்லாருக்கும் ஓம் சொல்லித்தான் அனுப்புவோம். சிலர் துவக்கோடும் வந்தார்கள். அவர்களிடம் இல்லை என்று சொல்லும் தைரியம் எங்களில் ஒருவருக்கும் இருக்கவில்லை.

அன்று வந்தவர் வில்லெம். ஒல்லாந்திலிருந்து இளவயதில் வந்து, பிரெஞ்சைத் தடக்கித் தடக்கிப் பேசியே நகரசபைக்குப் போனவர். எங்கள் ஆட்கள் விசேஷங்களுக்குக் கூடும் கீழ்த்தள மண்டபத்தில் அவர் பொன்னாடை வாங்காத பொங்கல் இல்லை. எங்கள் ஊர்க் கச்சேரி, அரசாங்க அலுவலகம், ஒல்லாந்தர் கட்டிய கோட்டைக்குள் இருக்கிறது என்று நான் சொன்னபோது, அப்படியானால் நாம் சொந்தக்காரர் என்றார். மண்டபத்தின் அனுமதியை நீட்டிக்கத் தானே சபையில் கை தூக்குவேன் என்றும் சிரித்துக்கொண்டே சொன்னார். தூக்கத்தான் செய்தார், எங்களுக்கு எதிராக. மண்டபம் பூட்டிய கிழமை என் கணவரின் முப்பத்தோராம் நாள். அன்றைய அமுதுச் சாப்பாட்டை என் சின்ன வீட்டில் கொடுத்தேன். வந்த சனம் இடமில்லாமல் வெளிப்படிக்கட்டில், கொட்டும் பனிக்குள் நின்று சாப்பிட்டது. உயிரோடு இருந்தவரைக்கும் ஒருவரையும் வாசலில் நிறுத்தாத மனிசன் அவர். வில்லெமை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப்போவதுமில்லை.

அடுத்த தேர்தலில் வில்லெம் எங்கள் பகுதி மேயர் பதவிக்கு நின்றார். நான் எங்கள் ஆட்களின் வீடுகளுக்கெல்லாம் தொலைபேசி எடுத்தேன்.

"வந்தா இருக்கச் சொல்லுங்க. தேத்தண்ணி குடுங்க. ஓம் எண்டு சொல்லுங்க. மிச்சத்தப் பெட்டியில போடுவம்."

வீடு வீடாகக் குடித்தார். என் வீட்டில் வடையும் தின்றார். எங்கள் தெருக்கள் தன் கையில் என்று நம்பி, கடைசிக் கிழமை இந்தப் பக்கம் எட்டியும் பார்க்காமல் வேறு இடங்களில் அலைந்தார். எங்கள் தெருக்கள்தான் அவரை விழுத்தின. செய்தி கேட்டதும் கணவரின் படத்துக்கு முன்னால் ஒரு கோப்பை தேத்தண்ணி வைத்தேன். மனம் குளிர்ந்தது.

பிறகொருநாள் பஸ் தரிப்பில் வில்லெம் என்னைக் கண்டார். எல்லா வீட்டிலும் உபசரித்தீர்களே, நான் எங்கே பிழை விட்டேன் என்று கேட்டார். நீங்கள் எங்களுக்குச் சிரித்தீர்கள், நாங்கள் உங்களுக்குத் தேத்தண்ணி தந்தோம் என்றேன். என் பிரெஞ்சும் தடக்கும். ஆனாலும் அவருக்கு விளங்கிவிட்டது.

மண்டபம் இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. அவரைத் தோற்கடித்த மேயரம்மா போன கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தார். மண்டபத்தைப் பற்றிக் கேட்டேன். பார்ப்போம் என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமானது. நான் குசினிக்குள் போய்க் கேத்தலை அடுப்பில் வைத்தேன். இங்கே பிறந்த என் மகள் வாசலை மறித்துக்கொண்டு, "நோன், மதாம்" என்று முகத்துக்கு நேரே இல்லை சொன்னாள். என் பக்கம் திரும்பி, "அம்மா, பிடிக்காட்டி நேர சொல்லுங்க. எதுக்கு இந்தத் தேத்தண்ணி?" என்றாள்.

வந்தவரை இருக்கச் சொல்லி நான் உள்ளேயிருந்து கூப்பிட்டேன். ஒரு கால் வீட்டுக்குள்ளும் மறு கால் அதே படிக்கட்டிலுமாக நின்ற மேயரம்மாவுக்கு, எங்கள் இருவரில் யார் இந்த வீட்டுக்காரி என்று தெரியவில்லை. கேத்தல் கொதித்துக்கொண்டிருந்தது.