பாவா தின்னாத கடலை உருண்டை

திருத்தணி மலைக்கு வரும் பக்தர்களுக்குக் கடலை உருண்டை பிடித்து விற்பது என் தொழில். பள்ளிப்பட்டில் கடலை மண்டி வைத்திருக்கும் என் அக்கா வீட்டுக்காரர்தான் பருப்பு மூட்டை கொடுப்பார்; அவரைப் பாவா என்றுதான் கூப்பிடுவேன். பாவாவே தருகிறார் என்று பிரித்துக்கூடப் பார்க்க மாட்டேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு வருஷம், ஆடிக் கிருத்திகைக்கு ஒரு மாதம் முன்பு வாங்கிய மூட்டையில் அடிப்பருப்பெல்லாம் பச்சையாகப் பூசணம் பூத்திருந்தது. தோல் உரிக்கும் மெஷினில் பருப்பு உடையாமலிருக்கக் கடலைக்காயில் தண்ணீர் தெளிப்பார்கள். அதைக் காயவைக்காமலே மூட்டை கட்டியிருக்கிறார்!

கேட்டால், "வறுத்தா எல்லாம் போய்டும் பாப்பா. ஊரே துன்னுகினுதான் கீது" என்று சிரித்தார். அதைப் பாதி நம்பி, முதலில் கொஞ்சம் பூத்த பருப்பை வறுத்து இடித்துக் கோழிக்குஞ்சுகளுக்குப் போட்டேன். ஒரு வாரத்தில் ஒரு குஞ்சுகூட மிஞ்சவில்லை.

கால்நடை டாக்டர் சொல்லி, மிச்சப் பருப்பைச் சென்னையில் பரிசோதனைக்குக் கொடுத்தேன். பூஞ்சை விஷம், வறுத்தாலும் போகாது என்றார்கள். இதையா குழந்தைகள் கையில் கொடுக்க இருந்தேன்?

கிருத்திகையன்று காவடி செலுத்திவிட்டு வந்து சொந்தபந்தமெல்லாம் என் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தார்கள். அந்தப் பருப்பில் பிடித்த ஒரே உருண்டையைப் பாவா இலையில் வைத்தேன்.

"உங்க மூட்டைதான் பாவா. நல்லா வறுத்துட்டேன், துன்னுங்க."

அவர் கை நீளவில்லை. பரிசோதனைச் சீட்டை அக்கா கையில் கொடுத்தேன்.

இப்போது யார் தந்த மூட்டையானாலும் அடிவரை கொட்டிப் பார்க்கிறேன். ஒரு பிடியைப் பரிசோதித்த பிறகே அடுப்பு மூட்டுகிறேன். அந்த உருண்டையை மட்டும் எறியவில்லை. கண்ணாடி பாட்டிலில் போட்டு, பாவா வந்தால் உட்காரும் நாற்காலிக்கு நேரெதிரே வைத்திருக்கிறேன்.

- ஒரு வாசகி, திருத்தணி