நிலவறையில் நாவற்பழம் பேசிய வெள்ளைக்காரர்

கோப்பன்ஹேகனில் நான் வேலை செய்யும் பழைய வைன் நிலவறையில் இன்று மதியம் ஒரு தனி விருந்து. பன்னிரண்டு வருடம் பரிமாறிய எனக்கு, வைனை விளக்கிப் பேசும் பொறுப்பை முதலாளி இன்றுதான் முதன்முதலாகத் தந்திருந்தார்.

வந்தவர்கள் எங்கள் தமிழ் ஆட்கள். மனைவியின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு இடம் பிடித்தவர், என்னைக் கண்டதும் ஓரமாகக் கூட்டிப்போனார்.

"அண்ணை, நீங்களோ விளங்கப்படுத்தப் போறியள்?"

"ஓம்."

"குறை நினையாதேங்கோ. டெனிஷ்காரர் ஒருத்தரும் இல்லையோ? வைனைப் பற்றி எங்கட ஆள் சொன்னால் சனம் நம்பாது."

முதலாளியிடமும் போய்ச் சொல்லிவிட்டார். டெனிஷ்காரரான முதலாளியும் மறுபேச்சில்லாமல் என் குறிப்புத் தாளை வாங்கிக்கொண்டார்.

எங்கள் சனத்துக்குப் புரியட்டுமென்று, சிவப்பு வைனின் துவர்ப்பு நாவற்பழம் போல இருக்கும் என்று டெனிஷ் குறிப்பின் நடுவே அந்தத் தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தேன். முதலாளி அந்தச் சொல்லைத் தட்டுத்தடுமாறி வாசித்தார்.

"பாத்தியளே, வெள்ளைக்காரனுக்கு நாவற்பழமும் தெரியுது!" என்றார் விருந்து வைத்தவர்.

ஒரே கைதட்டல். நான் போத்தலோடு பின்னால் நின்றேன்.

கடைசியில் விருந்து வைத்தவர் தன் கைபேசியை என்னிடம் நீட்டினார். "அண்ணை, முதலாளியையும் சேர்த்து வடிவா ஒரு படம் எடுங்கோ."

எடுத்தேன். அந்தப் படம் இப்போது இங்கே முகநூலில் வந்திருக்கிறது. லைக் போடட்டுமா, சொல்லுங்கள்.