வாய் நனைக்கிற எழில்மதி

எங்கள் வார்டில் எழில்மதிக்குப் பட்டப்பெயர் பல்பொடி. வைத்தவள் நான்தான். டியூட்டிக்கு வந்ததும் மற்ற நர்ஸுகள் மானிட்டரைப் பார்ப்பார்கள், இவள் நோயாளியின் வாயைப் பார்ப்பாள். நினைவே இல்லாமல் கிடப்பவரிடம் குனிந்து, "மாமா, வாய நனைச்சி வுடறேன், ஆடாம இருங்க" என்பாள். ஆடுகிற நிலைமையிலா அவர் கிடக்கிறார் என்று கிண்டல் செய்வேன். காதிலேயே வாங்கமாட்டாள்.

ரிஷிவந்தியம் பக்கத்துப் பெண். அப்பா அம்மா கரும்பு வெட்டப் போகிறவர்கள். கள்ளக்குறிச்சிக்கு வேலைக்கு வந்த புதிதில், உளுந்தூர்பேட்டையில் அடிபட்ட ஒரு லாரி டிரைவர் அவள் பொறுப்பில் இருந்தார். தொண்டையில் குழாயோடு கிடந்தவரிடமும் இதையே சொல்லி, ஈரத்துணியால் உதட்டை நனைத்துவிடுவதோடு சரி. தலைக்காயம் ஆறிக்கொண்டு வந்தது. அப்புறம் காய்ச்சல், நெஞ்சு முழுக்கச் சளி, நிமோனியா. போய்விட்டார். "மண்டையில பட்ட அடி ஆறிடுச்சிக்கா. எச்சிலுதான் கொன்னுடுச்சி" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள்.

உண்மைதான். மூச்சுக்காகத் தொண்டைக்குள் குழாய் இறக்கிவிட்டால் ஆளால் விழுங்க முடியாது. எச்சில் வாயிலேயே தேங்கி, கிருமி பெருகி, குழாயோரமாக நுரையீரலுக்குள் கசியும். அன்றிலிருந்து அவள் தலைமாட்டை உயர்த்திவைத்து, சின்ன பிரஷால் பல்லையும் நாக்கையும் தேய்த்து, அழுக்கை மெஷினால் உறிஞ்சி எடுத்து, கடைசியில் ஈரத்துணியால் உதட்டை நனைத்துவிட்டுத்தான் நகருவாள்.

அப்போதுதான் அம்மாசி வந்தார். கல்வராயன் மலைக்காரர். சாமைக் கொல்லையில் காவலுக்குப் படுத்தவரைக் கட்டுவிரியன் கடித்துவிட்டது. கச்சிராயபாளையம் வழியாகக் கீழே கொண்டுவந்து சேர்ப்பதற்குள் விஷம் ஏறி, மூச்சு நின்றுபோகும் நிலை. குழாய் போட்டு மூச்சு மெஷினில் வைத்தோம். இந்த விஷத்தில் ஒரு கொடுமை உண்டு. இமையைத் தூக்க முடியாது, விரலை அசைக்க முடியாது, ஆனால் பக்கத்தில் பேசுவது காதில் விழலாம். மெஷின் தாங்கிப் பிடித்தால் சில நாளில் எல்லாம் திரும்பிவிடும். அதுவரை நெஞ்சில் சளி கட்டாமல் இருக்க வேண்டும்.

அடுத்த நாள் காலை அவருடைய தம்பி பிச்சைமுத்து கதவருகே வந்து, "சிஸ்டர், அண்ணன பாக்கலாமா?" என்று கேட்டார்.

"தோ இருங்கண்ணா, அவருக்கு வாய நனைச்சிட்டுக் கூப்புடறேன்" என்றாள் எழில்மதி.

கதவுக் கண்ணாடி வழியாக அந்த ஆள் பார்த்திருக்கிறார். ஈரத்துணி, குனிந்த தலை, அண்ணனின் அசையாத உதடு. அவள் சொன்ன வார்த்தைக்கு, சாகிறவருக்குக் கடைசிப் பால் விடுவது என்றும் எங்கள் பக்கம் அர்த்தம் உண்டு. அவ்வளவுதான், மாரில் அடித்துக்கொண்டார். "ஐயோ, எங்கண்ணனுக்கு வாய நனைச்சிட்டாங்களே! பால் ஊத்தக்கூட எங்கள கூப்புடலியே!"

மதியத்துக்குள் மலையிலிருந்து சொந்தக்காரர்கள் இறங்கிவிட்டார்கள். வாசலில் வேன் வந்து நின்றது. உயிர் வீட்டில்தான் போக வேண்டுமாம். டாக்டர் பொறுமையாகச் சொன்னார், பிழைத்துக்கொள்வார் என்று. பிச்சைமுத்து தலையாட்டித் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "செரிங்க, உசிரு ஒட்டிக்கினு இருக்கும்போதே வூட்டுக்கு எடுத்துக்கினு போயிடறோம்" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! "குழாய எடுத்தா வாசல்கூடத் தாண்டமாட்டாரு, அறிவிருக்காய்யா?" என்று கத்தினேன். அதற்குப் பிறகு என் முகத்தையே யாரும் பார்க்கவில்லை.

அம்மாசியின் மனைவி செவ்வந்தி சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் ம் என்றால் வேன் கிளம்பிவிடும். எழில்மதி போய் அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"அக்கா, அது பால் இல்லக்கா. வெறுந்தண்ணி. நான் பல்லு வெளக்கி வுட்டேன்."

"பல்லா?"

"ஆமாக்கா. சாவப்போறவருக்கு யாராவது பல்லு வெளக்குவாங்களா? நாளைக்கு சோறு திங்கப் போறவருக்குத்தான் வெளக்குவாங்க."

செவ்வந்தி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "வண்டிய அனுப்பிடு பிச்ச. ஒங்கண்ணனுக்கு பால் ஊத்தணும்னா நான் ஊத்திக்கிறேன். இப்ப இல்ல" என்றாள்.

எங்கள் கலக்கம் அதற்குப் பிறகுதான் கூடியது. நாம் பிடித்துவைத்த ஆளுக்குக் காய்ச்சல் வந்தால் அந்தப் பெண்ணின் முகத்தில் எப்படி விழிப்பது? எழில்மதி வாயைப் பார்ப்பதற்கு முன் நெற்றியைத் தொட ஆரம்பித்தாள். வாய் நனைக்கிறேன் என்ற பழைய வார்த்தையையும் விட்டுவிட்டாள். எந்தக் கட்டிலானாலும், "மாமா, பல்லு வெளக்கறேன்" என்று வார்டுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். ஒரு சாயங்காலம் அம்மாசியின் உடம்பு லேசாகச் சுட்டது. எக்ஸ்ரே வருகிறவரை ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை அவள். நெஞ்சு சுத்தமாக இருந்தது. அப்பாடா என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

முதலில் விரல் வந்தது, பிறகு இமை, பிறகு சொந்த மூச்சு. குழாயை எடுத்த மறுநாள் காலை, செவ்வந்தி கஞ்சித் தம்ளரோடு நிற்க, அம்மாசி கரகரத்த தொண்டையில் பேசினார். "ஏய் பல்பொடி, உன் மாமா பேசறாரு, ஓடியா!" என்று கூப்பிட்டேன். சிரித்துக்கொண்டே ஓடிவந்தாள்.

"நீதானாம்மா அது? கொரலு தெரியுது" என்றார் அவர்.

"நான்தான் மாமா."

"மொதல்ல வாய நனைக்கிறேன், வாய நனைக்கிறேன்னு சொல்லிக்கினே இருந்த இல்ல? ஒவ்வொரு வாட்டியும், இதோட முடிஞ்சிச்சின்னு நெனச்சிக்கினேன். கத்தலாம்னா வாயி வரல. புள்ளைங்கள ஒரு தபா காட்டுங்கன்னு மனசுக்குள்ள கெஞ்சிக்கினு கெடந்தேன். அப்பறம் பல்லு வெளக்கறேன்ன பாரு, அப்பத்தான் பொழச்சிக்குவேன்னு தோணுச்சி."

செவ்வந்தி சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். எழில்மதி சிரிக்கவில்லை. அவர் கையைப் பிடித்து, "மன்னிச்சிடுங்க மாமா" என்றாள். அவர் போகட்டும் என்று தலையை ஆட்டினார்.

சாப்பாட்டு நேரத்தில் அவளைக் காணோம். தேடிப்போனால் கைகழுவும் இடத்தில் குழாயைத் திறந்துவிட்டு நின்றிருந்தாள். "ஏன்டி, ஆளு பொழச்சிட்டாரு, இப்ப என்ன?" என்று அதட்டினேன்.

"அந்த லாரி டிரைவருக்கும் காது கேட்டிருக்குமாக்கா?" என்றாள். "அவருகிட்டயும் கடைசி வரைக்கும் நான் அதையேதான சொன்னேன்."