கைப்பிடியாரும் மூடாத கத்தரியும்

எங்கள் சித்தப்பாவிடம் கை கொடுத்தால் அது உடனே திரும்பி வராது. உள்ளங்கையைத் தடவுவார், விரல்களை ஒவ்வொன்றாக மடக்குவார், "கொஞ்சம் அமுக்குங்க" என்பார், கட்டைவிரலின் அடிச்சதையை அழுத்திப் பார்த்து "ம்" என்பார். பல் டாக்டரிடம் போனபோதும் இதே கதை. பல்வலி இவருக்கு, பரிசோதனை டாக்டருக்கு. தெருவில் அவருக்குக் கைப்பிடியார் என்று பெயர் வந்தது இப்படித்தான்.

தோட்டக் கருவிகள் செய்யும் சின்னப் பட்டறையில் அவருக்கு வேலை. அரம் பிடித்துத் தேய்க்கிறவராகச் சேர்ந்து, கருவிகளுக்கு வடிவம் யோசிக்கிறவராக உயர்ந்தவர். ஜன்னல் ஓரத்தில் அவருக்கென்று ஒரு மேசை. அதில் ஒரு கால் குட்டை, அடியில் மரத்துண்டு. ஆனாலும் அதன் முன்னால் சித்தப்பா உட்கார்ந்தால் தீர்ப்பு எழுதப்போகும் நீதிபதி மாதிரி இருப்பார்.

வீட்டில் பல் தேய்க்கும் பிரஷ்ஷுக்கு சைக்கிள் ஹேண்டில்பார் ரப்பர் மாட்டியிருந்தார். சீப்புக்குப் பிடி, பிடிக்கு மேல் இன்னொரு பிடி. குளியலறைத் தாழ்ப்பாளுக்கு அவர் வைத்த பிடி மிகவும் வசதியானது. விருந்தாளிகள் சுலபமாக உள்ளே போய்விடுவார்கள். வெளியே வரத்தான் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து சித்தப்பா விளக்கம் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். அந்தப் பட்டத்துக்குச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து தந்தவரும் அவர்தான். சட்டத்தின் தலையில் ஒரு பிடி.

"எங்க வேணும்னாலும் தூக்கிட்டுப் போய்க் காட்டலாம்ல," என்றார். காட்டியும் இருக்கிறேன்.

படித்து முடித்ததும் நானும் அதே பட்டறையில் சேர்ந்தேன். அந்தச் சமயம் பார்த்து முதலாளி சித்தப்பாவின் தலையில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். "பலமில்லாத கையும் அமுக்குற மாதிரி கிளை வெட்டுற கத்தரி ஒண்ணு வேணும். கடைக்காரங்க பாக்க வர்றாங்க. அவங்களுக்குப் பிடிக்கலைன்னா நீ பேக்கிங்குக்குப் போயிடு. இந்த மேசைய நான் டீ டம்ளர் வைக்க எடுத்துக்கறேன்." சொல்லும்போது வழக்கம்போல இரண்டு கைகளும் பேன்ட் பைக்குள்ளேயே இருந்தன. பட்டறையில் சித்தப்பா பிடித்துப் பார்க்காத கைகள் அவை இரண்டும்தான்.

சித்தப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. பேக்கிங் என்றால் நாள் முழுக்க அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுவது. டேப்பில் எங்கே பிடி வைப்பது?

வேலையில் குறை சொல்ல முடியாது. விரல்களை ரொம்ப விரித்தால் பிடியின் பலம் ஓடிவிடும், ரொம்ப மடக்கினாலும் அதே கதி. நடுவில் ஓர் அகலத்தில்தான் கை தன் முழுப் பலத்தையும் தரும். அந்த அகலத்தைச் சரியாகப் பிடித்துவிட்டார். பிடிகளை விரித்து வைக்கும் ஸ்பிரிங் வில்லை எவ்வளவு இறுக்கமாக வைப்பது, எவ்வளவு அழுத்தினால் அலகு மூடுவது என்பதுதான் மிச்சம்.

"நிறைய பேர் கைய அளந்து பாக்கணும் சித்தப்பா. அதுல பலம் கம்மியான கைக்குத் தகுந்த மாதிரி வைக்கணும்," என்றேன்.

"வீட்லயே பலமில்லாத கை இருக்கும்போது ஊர்ல எதுக்குடா தேடணும்?"

அவர் சொன்னது சித்தியை. சித்தி சலவைக்கூடத்தில் ஈரக் கம்பளிகளை முறுக்கிப் பிழிகிறவள். அவள் பிழிந்து வீசிய கம்பளியைக் கொடியில் போட்டால் பத்து நிமிஷத்தில் காய்ந்துவிடும் என்று அங்கே பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் சித்தப்பாவுக்குத் தெரிந்த சித்தி வேறு. கல்யாணம் ஆன நாளிலிருந்து ஜாம் பாட்டிலை நீட்டி, "என்னால முடியலைங்க, நீங்க கொஞ்சம் திறங்க" என்பவள். இவர் ஒரு திருப்புத் திருப்புவார், மூடி வந்துவிடும். அன்று முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பார்.

அழுத்தத்தை அளக்கும் வில் தராசை சித்தியின் கையில் கொடுத்தார். "பயப்படாம அமுக்கு." அவள் அமுக்கினாள். முள் நின்ற இடத்தைக் குறித்துக்கொண்டு, "பாவம், இதுக்கு மேல தாங்காது" என்றார். கத்தரி அந்த அளவில் தயாரானது. நான் அமுக்கிப் பார்த்தேன். மூடவில்லை.

"படிச்ச கை. அப்படித்தான் இருக்கும்," என்றார். அவர் கை அரம் பிடித்துப் பழகியது. அதில் எதுவும் மடங்கும்.

கடைக்காரர்கள் வந்தார்கள். முதல் ஆள் ஒற்றைக் கையால் அமுக்கினார், பிறகு இரண்டு கையால், பிறகு முழங்கால்களுக்கு நடுவில் வைத்து. இரண்டாவது ஆளுக்கு முகம் சிவந்து சட்டைப் பொத்தான் தெறித்தது. கத்தரி கொட்டாவி விட்ட வாயை மூடவே இல்லை. கடைசியில் எங்கள் பட்டறை லேத்காரர் அதைத் தரையில் வைத்து மேலே ஏறி நின்றார்.

"காலால அமுக்குறதுன்னா நல்லாத்தான் இருக்குண்ணே," என்றார்.

"ஒரு பிடி நீங்க பிடிச்சுப் பாருங்க," என்று கடைக்காரர் முதலாளியிடம் நீட்டினார்.

"நான் பிடிச்சா உடைஞ்சிடும்," என்று முதலாளி பின்வாங்கினார்.

அந்த நேரம் பார்த்து சித்தி சாப்பாட்டு டப்பாவோடு வந்தாள். "இதையா இத்தனை பேர் சுத்தி நின்னு பாக்குறீங்க?" என்று எடுத்தாள். குச்சி 'டக்'. இன்னொரு குச்சி 'டக்'. வேறு எதுவும் கிடைக்காததால் மூலையில் இருந்த துடைப்பக் கட்டையும் 'டக்'.

சித்தப்பா வாயைத் திறந்தபடி நின்றார்.

"அப்ப அந்த ஜாம் பாட்டில்?"

"லூஸ் பண்ணிட்டுத்தான் குடுப்பேன்."

"ஏன்டி?"

"திறந்ததும் உங்க மூஞ்சி பாக்க நல்லாருக்கும். அதான்."

முதலாளி பெருமூச்சு விட்டார். "சரிப்பா. பேக்கிங்குக்குப் போ. மனசுல வச்சுக்காத," என்று மறந்துபோய்க் கையை நீட்டிவிட்டார்.

சித்தப்பா பிடித்தார். பழக்கம், விடவில்லை. விரலை மடக்கினார், அடிச்சதையை அழுத்தினார். பாலில் ஊறிய ரொட்டி மாதிரி இருந்திருக்க வேண்டும். அவர் முகத்தில் விளக்கு எரிந்தது.

"முதலாளி, இந்தக் கைய எனக்கு ஒரு வாரம் குடுங்க."

முதலாளி அவரை அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். பட்டறைக் கதவுகள் மெல்லியவை.

"சத்தமா பேசாதய்யா. பேனா மூடியவே பல்லாலதான் கழட்டுறேன்."

"வெளிய யாருக்கும் தெரியாது. அந்தக் கத்தரி மட்டும் என் கைல இருக்கட்டும். மேசையும்."

வில் மெலிந்தது. அலகுக்குப் பக்கத்தில் பல்சக்கரம் ஒன்று சேர்ந்தது. ஒரே அமுக்கில் முடியாத கிளையை மெதுவாக மூன்று அமுக்கில் வெட்டலாம். பல் எண்ணிக்கையைக் கணக்குப் போட்டுக் கொடுத்தது நான். கடைக்காரர்கள் மறுபடி வந்தபோது முதலாளியே கத்தரியை எடுத்தார். கிளை விழுந்தது.

"கைன்னா இது கை," என்றார் எல்லோரையும் பார்த்து. பொத்தான் தெறித்தவர்தான் முதல் ஆர்டர் கொடுத்தார்.

மேசை சித்தப்பாவிடமே இருக்கிறது. அதன்மேல் அளவுக்காக எடுத்த கை ஒன்று, பிளாஸ்டர் வார்ப்பு. யாருடையது என்று கேட்டால், "ஒரு பெரிய மனுஷனோடது" என்பார். லேத்காரர் அதில் தொப்பியை மாட்டுகிறார். எப்போது மாட்டினாலும் முதலாளி எங்கிருந்தோ ஓடிவந்து, "அதுல எதையும் தொங்கவிடாதீங்கப்பா, தாங்காது" என்று கழற்றி வைத்துவிட்டுப் போகிறார்.