மரத்தூள் சட்டை

அறுநூற்றைம்பது ஷில்லிங். சலினா டீச்சருக்கு பிரெச் பட்டிருந்த கடன் அவ்வளவுதான். பிரெச்சின் மகள் ஜெலிமோவின் இளைப்புக்கு, அவரைக் கேட்காமலே டீச்சர் இன்ஹேலர் வாங்கிவிட்டாள்.

கென்யாவின் கப்சபெத் ஊரில் பிரெச்சைத் தெரியாதவர் யார்? மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டு, பிறர் மரம் சுமந்து, சொந்தமாக அறுவை ஆலை வைத்தவர். எவரிடமும் கைநீட்டாதவர். ஊர்ப் பிள்ளைகளெல்லாம் ஓட, தன் மகளை மட்டும் ஐந்து வருடம் கம்பளிக்குள் பொத்தி வைத்தார். டீச்சர்தான் அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். அங்கே சொன்னபடி சோடா பாட்டிலின் அடியில் ஓட்டை போட்டு இன்ஹேலரைச் செருகினாள். ஓடுமுன் பாட்டில் வழியாக மருந்து, பிறகு பத்து நிமிடம் மெதுநடை. இன்று எண்ணூறு மீட்டரில் பள்ளிக்கே அவள்தான் முதல்.

முடிவுக் கோட்டைத் தாண்டியவள் டீச்சரைப் போய்க் கட்டிக்கொண்டாள். பிரெச்சுக்கு வயிறு எரிந்தது. கைகளை விரித்துக்கொண்டு போனார்.

"கிட்ட வராதீங்கப்பா! சட்டையெல்லாம் மரத்தூளு. எனக்கு இழுத்துக்கும்."

"இந்தத் தூளுதாண்டி உனக்குச் சோறு போட்டுச்சு!"

டீச்சர் மாவட்டப் போட்டிக்கான தாளை நீட்டினாள். "கையெழுத்துப் போடுங்கண்ணே."

"மாட்டேன். என் பொண்ணு அடுத்தவ காசுல மூச்சு விடுறா."

"அந்தக் காசை யாரு கேட்டா?"

"கேக்காம இருக்கீங்களே, அதான் எரியுது!"

"உங்களை எரிக்கிறது காசு இல்லண்ணே, அவ என்னைக் கட்டிக்கிட்டதுதான். குளிச்சிட்டு நாளைக்கு வாங்க. பாட்டில் பிடிக்கச் சொல்லித் தரேன்."

இரவெல்லாம் புரண்டார். மறுநாள் ஆலைப் பக்கமே போகாமல், குளித்து, சர்ச்சுக்குப் போடும் சட்டையில் மைதானத்துக்கு வந்தார். ஜெலிமோ அவர் தோளை மோந்து பார்த்தாள். சிரித்தாள். பாட்டிலை அவர் கையில் கொடுத்து, வாயை வைத்தாள். அவள் மூச்சு இழுப்பதை இத்தனை பக்கத்தில் அவர் கேட்டதில்லை. அவள் ஓடப் போனதும் தாளில் பெயரைப் பெரிதாக எழுதினார்.

"இனிமே மருந்து நான்தான் வாங்குவேன். கைய நீட்டுங்க டீச்சர்."

"வேணாம்ணே."

"வாங்கிக்குங்க டீச்சர்," என்று ஓடுபாதையிலிருந்து ஜெலிமோ கத்தினாள். "இல்லேன்னா அப்பா வீட்டுல எங்க யாரையும் தூங்க விடமாட்டாரு!"

டீச்சர் சிரித்தபடி கையை விரித்தாள். பிரெச் ஆறு நூறும் ஒரு ஐம்பதும் சத்தமாக எண்ணி அதில் வைத்தார்.