பேட்டரி செத்துவிட்டது என்றார்கள்

என் மகள் படிக்கும் புனே பொறியியல் கல்லூரியில் மாணவர்கள் சேர்ந்து ஒரு குட்டிச் சாட்டிலைட் செய்தார்கள். செருப்புப் பெட்டி அளவுதான் இருக்கும். அதன் பேட்டரி போர்டு முழுக்க என் மகளின் பொறுப்பு. சாட்டிலைட் மேலே போனது, எல்லாரும் பேடா தின்றார்கள். வினை அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. ஊருக்கு மேலே அது கடக்கும்போதெல்லாம் கல்லூரி ஆன்டெனாவில் சிக்னல் விழுந்தது. ஆனால் ஒரு எழுத்துகூடப் படிக்க முடியவில்லை. உடனே பேச்சு கிளம்பிவிட்டது. பேட்டரி செத்துக்கொண்டிருக்கிறது, அதனால் சாட்டிலைட்டின் கடிகாரம் தள்ளாடுகிறது, ஒன்றும் பூஜ்யமுமாக அது அனுப்பும் பிட்டுகள் சீராக வரவில்லை என்றார்கள். மொத்தப் பழியும் இவள் தலையில்.

இவள் காலேஜ் போவதை நிறுத்திவிட்டாள். சாங்வியில் இருக்கிற எங்கள் வீட்டில் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள். நான் விமான் நகரில் ரேடியோ சாப்ட்வேர் எழுதும் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். வீட்டில் அதற்கு நயா பைசா மரியாதை கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பொறுக்கமாட்டாமல் கதவைத் தட்டினேன்.

"கண்ணு, அந்தச் சிக்னல் ரெக்கார்டிங்கைக் குடு. நான் பாக்கறேன்."

"ரெஹ்னே தோ மா, விட்டுடு. சீனியர்ஸ் எல்லாம் பாத்தாச்சு."

"உங்க சீனியர் பாத்த லட்சணம்தான் தெரியுதே. குடு இங்க."

வீராப்பாகக் கேட்டுவிட்டேனே தவிர, உள்ளுக்குள் உதறல். தோண்டிப் பார்த்து, தப்பு இவளுடையதுதான் என்று நானே உறுதி செய்துவிட்டால்? பெற்றவள் வாயாலேயே அதைக் கேட்க வேண்டுமா இந்தப் பெண்?

சாட்டிலைட் தன் கடிகாரத்தை நமக்கு அனுப்பாது, பிட்டுகளை மட்டும்தான் அனுப்பும். ஒரு பிட் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதைக் கீழே இருக்கிற சாப்ட்வேர்தான் கேட்டுக் கேட்டுப் பிடிக்க வேண்டும், பாட்டைக் கேட்டே தாளம் போடுகிற மாதிரி. அந்தத் தாளம் எங்கெங்கே தப்புகிறது என்று திரையில் கோடாக வரைந்து பார்த்தேன். தப்பிக்கொண்டேதான் இருந்தது. ஆனால் ஒரே இடைவெளியில், அச்சடித்தாற்போல் தப்பியது.

நிமிர்ந்து உட்கார்ந்தேன். பேட்டரி சோர்ந்து கடிகாரம் தள்ளாடினால் தாளம் கண்டபடி அல்லவா தப்ப வேண்டும்? இத்தனை ஒழுங்காகத் தப்புகிறது என்றால் மேலே யாரும் தள்ளாடவில்லை. நாம்தான் வேறு வேகத்தில் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

"ரிசீவர் சிக்னலை நொடிக்கு எத்தனை தடவை அளந்து சாம்பிள் எடுக்குது?"

"இருபது லட்சம். நாங்க செட் பண்ணதே அதுதான்."

"நீங்க கேட்டது அது. அது குடுத்தது எவ்வளவு?"

மகள் அப்போதுதான் சொன்னாள். பழைய ரிசீவர் பழுதானதால் புதிதாக ஒன்று வாங்கி மாட்டியிருந்தார்களாம். இந்த மாதிரிச் சில கருவிகள் கேட்ட வேகம் முடியாவிட்டால் பக்கத்தில் இருக்கிற வேறொன்றைக் கொடுத்துவிடும். கொடுத்த வேகம் எது என்று திரையில் ஒரு எச்சரிக்கை வரியும் காட்டும். அந்த வரி எங்கே என்று கேட்டேன். லேபில் இருந்த தோழிக்குப் போன் போட்டாள்.

ஸ்பீக்கரில் அந்தப் பெண் சிரித்தாள். "அரே, வோ விண்டோ தோ சுபாயா ஹை நா! எக்ஸிபிஷன் கே டைம்!"

அட கடவுளே! கண்காட்சிக்குச் சீஃப் கெஸ்ட் வருகிறார், திரையில் மஞ்சள் எழுத்து ஓடினால் அசிங்கமாக இருக்கும் என்று அந்த எச்சரிக்கைப் பெட்டியை மறைத்து வைத்திருக்கிறார்கள். கெஸ்ட் பொன்னாடை வாங்கிக்கொண்டு போய்விட்டார். பெட்டியைத் திரும்பத் திறக்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்குச் சுர்ரென்று ஏறியது. விருந்தாளிக்குப் பயந்து குப்பையைக் கட்டிலுக்கடியில் தள்ளுகிற புத்தி லேபுக்குள்ளுமா!

"அதைத் திறந்து வாசிக்கச் சொல்லு முதல்ல."

தோழி வாசித்தாள். ரிசீவர் கொடுத்த வேகம் கேட்டதைவிடக் கொஞ்சம் கூடுதல். அந்தக் கொஞ்சமே சாப்ட்வேர் இழுத்துப் பிடிக்கக்கூடிய எல்லையைத் தாண்டியிருந்தது. சரியான எண்ணைப் போட்டுப் பதிவை மறுபடி ஓட்டினேன். கோடு ஒரு குலுக்குக் குலுங்கி நேராக நின்றது. அப்புறம் தப்பவே இல்லை. வரி வரியாக எழுத்துகள் வந்து விழுந்தன: சாட்டிலைட்டின் பெயர், உள்வெப்பம், அதற்கடுத்து பேட்டரி வோல்டேஜ். எனக்கு அந்த எண் நல்லதா கெட்டதா என்று தெரியாது. திரும்பி அவள் முகத்தைத்தான் பார்த்தேன்.

"மா," என்றாள். "ஃபுல் சார்ஜ் மா."

வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. அவளோ நம்பவில்லை. அடுத்த பதிவை ஓட்டச் சொன்னாள், அதற்கடுத்ததையும். ஒவ்வொரு முறையும் பேட்டரி திடமாகத்தான் இருந்தது. மேலே அது சூரியனைப் பார்த்துச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. இங்கே நாங்கள்தான் அதற்குக் கருமாதி பண்ணிக்கொண்டிருந்தோம்.

"உங்க சீனியருக்குப் போனைப் போடு, நாலு வார்த்தை நறுக்குன்னு கேக்கறேன்," என்றேன்.

"வேணாம் மா. நீ கொஞ்சம் வெளிய போறியா? நான் தனியா ஒரு வாட்டி பாக்கணும்."

போனேன். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே அவள் அந்த வோல்டேஜை வாய்விட்டு வாசிப்பது கேட்டது. ஒருமுறை வாசித்தாள், நிறுத்தினாள், மறுபடி முதலிலிருந்து வாசித்தாள். சமையலறையில் குக்கர் கத்திக்கொண்டிருந்தது. அதை அணைக்கக்கூடத் தோன்றாமல், கதவுக்கு இந்தப் பக்கம் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.